இன்கிரிமென்ட் நாளில் வாங்கிய கையெழுத்து

கொரட்டூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். "கடன் வாங்குகிறவர் படித்துப் பார்த்துத்தானே சம்மதம் கொடுக்கிறார், அப்புறம் கடன் ஆப் செய்கிற எங்களுக்கு என்னப்பா பொறுப்பு?" என்று போனில் கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 26 வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். பி.எஃப். 12 சதவீதம் யாரையும் கேட்காமலே பிடித்துவிடுவோம். அதற்கு மேல் விரும்பிப் போடும் வி.பி.எஃப்.புக்குத் தனியாக ஒரு பாரம் உண்டு. எடுத்துச் சொன்னால், "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்பார்கள். அந்த அடுத்த மாசம் வந்ததே இல்லை. அவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை, பாப்பா. பழகிய சம்பளத்தில் நூறு ரூபாய் குறைவதைத்தான் மனசு தாங்கவில்லை. ஒரு வருஷம், இன்கிரிமென்ட் கடிதத்தோடு அந்தப் பாரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். இனிமேல் கூட வரப்போகிற பணத்தில் பாதிதான் என்றதும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஓய்வு பெறும்போது அதை வைத்துப் பெண் கல்யாணத்தை முடித்தவர்கள் உண்டு.

இதையேதான் பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 1998இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் செய்து பார்த்திருக்கிறார்கள். சம்பளம் ஏறும்போதெல்லாம் சேமிப்பும் தானாக ஏறும். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதம் ஆகியிருக்கிறது. தேலருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. பிரிட்டனில் 2012 முதல் ஊழியர்களைத் தானாகவே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கிறார்கள், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம்.

ஆனால் மனிதர்களின் இதே சுபாவத்தை வைத்து அவர்கள் பணத்தைப் பிடுங்கவும் முடிகிறது. போன வருஷம் அம்மா தவணையில் மிக்சி வாங்கினாள். கேட்காத இன்சூரன்ஸுக்கு அந்தத் திரையில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். 899 ரூபாய் போனது. அம்மாவும் சம்மதம் கொடுத்தவள்தான். இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களை 2023இலேயே மத்திய அரசு தடை செய்திருக்கிறது.

அதனால் என் பதில் இதுதான்: அந்த டிக்கை யார் போட்டு வைக்கிறார்களோ, வாங்குகிறவர் எடுக்கிற முடிவுக்குப் பாதிப் பொறுப்பு அவர்களுடையது.

உன் ஆப்பில் "உடனே பெறுங்கள்" என்பது கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அபராதமில்லாமல் விலக சில நாள் அவகாசம் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது எங்கேயோ கீழே, எறும்பு எழுத்தில் கிடக்கிறது. அதை மேலே கொண்டு வாம்மா. வட்டியைச் சதவீதத்தில் மட்டும் காட்டாமல், மொத்தம் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்பதையும் பெரிதாகப் போடு. உன் மேலாளர் முணுமுணுப்பார். பரவாயில்லை, பேசிப் பார்.

மாற்றியதும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அம்மாவால் கண்ணாடி போடாமல் சொல்ல முடிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா