வேப்பரைசரைப் பார்

கண்ணுக்கு,

மூன்று வாரமாக உன் குரல் கேட்கவில்லை. கேஸ் அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். இருக்கட்டும். சித்தப்பா விவகாரம் ஒருவழியாக முடிந்தது, யார் விட்டுக்கொடுத்திருப்பார் என்று உனக்கே தெரியும்.

இதய ஆபரேஷனில், இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளும் பைபாஸ் பம்ப் ஓடத் தொடங்கியதும், மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டரை நிறுத்திவிடுவீர்கள். வெளிமூச்சில் மயக்க மருந்து எவ்வளவு என்று காட்டிக்கொண்டிருந்த மானிட்டருக்கு அப்போதே வேலை போயிற்று. பம்பில் நிரப்பிய திரவம் கலந்து இரத்தம் நீர்த்ததும், ஊசி மருந்தின் அடர்த்தியும் சட்டென்று இறங்கும். பிறகு இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குப் போகும் வாயுக் குழாயில் மாட்டிய, மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசரைத்தான் நம்ப வேண்டும். அதில் மருந்து இருக்கிறதா என்று பார். பம்பை ஓட்டும் ஆளிடம் கேள். டாக்டர் கேட்டால் குறைந்துபோய்விட மாட்டாய். உன் அப்பனும் பம்ப் ஆள்தான். நீ எம்.டி. வாங்கிய நாளில் அதை ஊரெல்லாம் நான்தான் சொல்லித் திரிந்தேன்; நீ சொன்னாயா என்று தெரியாது.

பம்பில் குளிரவைத்த உடம்பைத் திரும்பச் சூடேற்றும் நேரம்தான் ஆபத்து, நோயாளிக்கு உள்ளுக்குள் நினைவு வந்துவிடலாம். குளிரில் கொஞ்சம் மருந்தே போதும், சூடு ஏற ஏற அது போதாது. எல்லார் கண்ணும் இதயத்தின் மேல் இருக்கும். நீ, மயக்கம் எவ்வளவு ஆழம் என்று நெற்றிப் பட்டை காட்டும் எண்ணைப் பார்: 40க்கும் 60க்கும் நடுவில் இருக்கட்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. குளிரிலும் இறங்கும், தசை அசைவில் ஏறும். வேப்பரைசரைப் பார்.

ஒருநாள் நான் பார்க்கவில்லை. காலியாக இருந்திருக்கிறது. தசை தளர்த்தும் மருந்து போட்டிருந்ததால் அந்த அம்மாள் அசையவில்லை. இதயமே நின்றிருக்கையில் நாடி எகிறிக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. மூன்றாம் நாள் வார்டில் அவர் என்னிடம் கேட்டார்: "மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் போகணும்னு யாரோ சொன்னீங்களே, பிள்ளைக்குத் தேவலையா?" சொன்னவன் நான். காய்ச்சல் உனக்கு. "அது கனவும்மா" என்றேன். யாரிடமும் சொல்லவில்லை, எழுதி வைக்கவும் இல்லை. அவர் தலையாட்டிக்கொண்டார். அப்புறம் கேட்கவே இல்லை.

உன்னிடம் யாராவது அப்படி வந்து சொன்னால், சொல்லியிருந்தாலும், கனவு என்று மட்டும் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேள். உன் பெரிய டாக்டரிடம் போய்ச் சொல். கேஸ் ஷீட்டில் எழுது. திட்டினால் திட்டட்டும்.

எத்தனை மணியானாலும் போன் செய். அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாமல் என்னிடமே பேசு.

அப்பா