எட்டடிக் கொட்டகை

காரைக்குடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள சொக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். டொயோட்டா ஃபார்ச்சூனர் கார் வாங்கலாமா என்று நீ கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. இங்கே ஆத்தா சௌக்கியம். வளவு ஓடு இன்னும் ஒழுகுகிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

மச்சான் மலேசியா போகும்போது ஃபார்ச்சூனர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும், ஓட்டிக்கொண்டிருங்கள்" என்றார். மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். நீ வாங்கத் துடிக்கிற அதே டீசல் ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கிற வகை.

முதல் நாளே கூத்து. ஐயா கட்டிய கார் கொட்டகை, நாம் பீடி குடித்து மாட்டிக்கொண்ட இடம், உள்ளகலம் எட்டடி. அம்பாசடருக்கு அது அரண்மனை. இந்த வண்டியின் அகலம் 1,855 மில்லிமீட்டர், அதாவது ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம். கண்ணாடிகளை மடக்கி, மூச்சைப் பிடித்து உள்ளே விட்டேன். அப்புறம்தான் கதவைத் திறந்து இறங்க இடமில்லை என்று தெரிந்தது. பக்கத்துக்கு ஓரடிகூட இல்லை, என் தொப்பை வேறு உனக்குத் தெரியும். வந்த வழியே பின்னால் எடுத்தேன். அன்றிலிருந்து நாற்பது லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டி தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. காக்கைகளுக்கு ரொம்ப சந்தோஷம்.

திருச்சி ரோட்டில் அதைக் குறை சொல்ல வாய் வராது. 500 நியூட்டன் மீட்டர் இழுவை. மிதித்தால் லாரி எப்போது பின்னால் போனது என்றே தெரியாது. ஆனால் நீ ஊரோடு வந்துவிடப் போகிறேன் என்கிறாய். தேவகோட்டையில் உன் ஓட்டம் என்ன? வீடு, கடை, பேரன் பள்ளிக்கூடம், டாக்டர். அந்த ஓட்டத்துக்குத்தான் இதை எடைபோட வேண்டும்.

ஊருக்குள் எனக்கு லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிடைத்தது. டாங்க் 80 லிட்டர், ஒருதடவை நிரப்பினால் ஏழாயிரத்துச் சொச்சம். பத்தாம் நாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இது வண்டியின் குற்றம் இல்லை. 2020இல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற தூரத்தில் அந்தச் சூடு எங்கே ஏறும்? மெக்கானிக் சொன்னபடி புதுக்கோட்டை வரை விரட்டினேன். ஒரு வேலையும் இல்லாமல் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். கரியை எரிக்க டீசலை எரித்த கதை இது.

நாலு சக்கர இழுவையைத் தொட்டது ஒரே தடவை. மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையில் சேறு; குமிழைத் திருப்பியதும் எருமை மாதிரி நடந்து வெளியே வந்தது. பெருமையில் குமிழைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். தார் ரோட்டில் முனை திரும்பும்போது வண்டி இறுகிக்கொண்டு முரண்டு பிடித்தது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு உருள்வதில்லை. சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், காய்ந்த தாரில் முடியாது. தப்பு என்னுடையது.

ஆத்தா நம் நகரத்தார் கோயில் ஒன்பதுக்கும் போகவேண்டும் என்றார். "பல்லக்கிலா ஏற்றுகிறாய்?" என்று கேட்டபடி மணை போட்டு ஏறினார். பிள்ளையார்பட்டியில் மணை போட்டு இறக்கி, மறுபடி மணை போட்டு ஏற்றினேன். வைரவன்பட்டியில் "நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன், நீ போய்விட்டு வா" என்று சொல்லிவிட்டார். ஒன்பது கோயிலும் அதோடு முடிந்தது.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். போன செவ்வாய் காலை வண்டியை எடுக்க உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுவிட்டேன், இன்னும் கியருக்குக் கை போகவில்லை. திண்ணையிலிருந்து ஆத்தா ஒரு சத்தம் போட்டார், அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இறங்கிப் பார்த்தால் எதிர்வீட்டுப் பேத்தி, மூன்று வயது, பம்பருக்கு முன்னால் குந்தி வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். என் இருக்கையிலிருந்து பானட்டுக்கு அந்தப்பக்கம் வெறும் தெருதான் தெரிந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது, பிறகு அளந்து பார்த்தேன். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது. இப்போது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வராமல் ஏறுவதில்லை. உன் வீட்டிலும் ஒருவன் தவழ்கிறான்.

என்னைக் கேட்டால், உன் பழைய இன்னோவாவை விற்காதே. கேட்க மாட்டாய், தெரியும். மச்சான் வெள்ளிக்கிழமைதான் திரும்புகிறார். அதற்குள் உன் ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு வா. அவர் ஏறி இறங்கிவிட்டால் நீ முன்பணம் கட்டு, நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மணையை ஒளித்து வைத்துவிடுவேன்.

அன்புடன்,
நாச்சியப்பன்

பி.கு: முட்டைக்கண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம். மொய்யை நீயே எழுது. போன தடவை மாதிரி என்னிடம் கவரைக் கொடுத்து அனுப்பாதே.