கிடாய்க்கு நெருஞ்சில் சாறு கொடுக்கலாமா?

குவெல்ப், ஒன்ராறியோ
கார்த்திகை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சித்தியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. பகல் குறுகினால்தான் இந்த ஊர்க் கிடாய்களுக்கு இணைசேரும் வேகம் வரும். பட்டிப் பக்கமே போக முடியாத வீச்சம். தம்பலகாமத்தில் வருசம் முழுக்கப் பகல் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் உங்கள் கிடாய்க்கு அந்தக் கணக்கு இல்லை.

கிடாயின் இனப்பெருக்கத் திறன் கூட நெருஞ்சில் சாறு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஆய்வுகூடத்தில் எங்களுக்கு இதுதான் வேலை. நிழலில் காய்ந்த செடியைத் தூளாக்கி, 100 கிராமுக்கு ஒரு லீற்றர் வீதம் 70 சதவீத மதுசாரத்தில் மூன்று நாள் ஊறவிட்டு வடிப்போம். பிறகு 45 பாகைக்கு மேல் சூடேறாமல், அழுத்தத்தைக் குறைத்து மதுசாரத்தை ஓட்டினால் அடியில் பாகு மாதிரிக் கொஞ்சம் மிஞ்சும். அதைத்தான் உடல் நிறை பார்த்து, மில்லிகிராம் கணக்கில், எலியின் இரைப்பைக்குள் குழாயால் விடுவது. நீங்கள் அம்மியில் அரைத்துப் பிழிவது வேறு சாமான்.

குழாயைக் கண்டு மிரண்ட எலிக்கு மருந்தே இல்லாமலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பு இறங்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் குடிக்கும் எலிகளுக்கும் அதே குழாய்தான் போடவேண்டும். நுணுக்குக்காட்டியில் விந்தணுவை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தட்டு 37 பாகையில் இல்லாவிட்டால் நல்ல விந்தணுவும் சோர்ந்து கிடக்கும். பழி மூலிகைமேல் விழும்.

எலிக்கு ஒரு விந்தணு உருவாக 50 நாளுக்கு மேல். ஆட்டுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விதையோடு ஒட்டிய சுருள் குழாயில் அது முற்றும் நாட்களையும் சேர்த்தால் இரண்டு மாதம். ஒரு கிழமை சாறு கொடுத்துவிட்டுக் கிடாய் துள்ளுகிறது என்று சொல்பவர் பார்த்தது வேட்கையை மட்டுமே. மறி, அதாவது பெட்டை ஆடு, சினைப்பட்டதா என்பது வேறு கதை.

எலியில் கண்டதை ஆட்டில் எதிர்பார்க்கவும் முடியாது. அசைபோடும் மிருகத்தின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றின் சத்துகளை முன்னமே உடைத்து மாற்றிவிடும். அதைவிட, தென்னாபிரிக்காவில் நெருஞ்சில் மேய்ந்த செம்மறிகள் ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் தலை வீங்கி மஞ்சளித்துச் சாகின்றன. வேண்டாம் சித்தப்பா.

வயிற்றுப் பூச்சிக்கென்று வேப்பிலைச் சாறும் பப்பாசிக் கொட்டையும் பொலிகிடாய்க்குத் தொடர்ந்து கொடுக்காதேங்கோ. இரண்டும் ஆய்வு மிருகங்களில் விந்தைக் குறைத்தவை. பப்பாசிக் கொட்டையை நிறுத்தியபின் பழைய நிலை திரும்பியது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மலிவாய் வந்தாலும் கிடாய்க்கு வைக்கவேண்டாம். அதிலுள்ள கொசிப்போல் என்ற நச்சுப்பொருள் விந்தணுவின் வாலைக் கெடுக்கும். இளம் காளைகளிலேயே அதைக் கண்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் மூலிகையைவிடக் கொட்டில் கூரைதான் முக்கியம். விதை உடம்பைவிட 4, 5 பாகை குளிர்ந்திருக்கவேண்டும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரத்தின் கீழ் நிற்கும் கிடாய்க்கு அது நடக்காது. தகரத்தின்மேல் கிடுகு போடுங்கள், நடுப்பகலில் மர நிழலில் கட்டுங்கள். காய்ச்சல் வந்த கிடாய் என்றால் இரண்டு மாதம் கழித்தே அதன் திறனைக் கணக்கெடுங்கள். விதை ஒரு பக்கம் சிறுத்தோ கட்டியாகவோ தட்டுப்பட்டால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அதற்குச் சாறு ஒன்றும் செய்யாது.

சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்