புதிய உணவகங்களுக்கு உரிமம் தருமுன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சித் தலைவர், ராமேசுவரம் நகராட்சி ஆணையர், நகர்மன்ற உறுப்பினர்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர், பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சி நிர்வாகத்தினர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் தொடர்வண்டிப் போக்குவரத்து நின்றது. புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படும் வரை, ரயிலில் வந்தவர்கள் கரையிலேயே இறங்கி, பேருந்தோ வேனோ பிடித்துத்தான் தீவுக்குள் வந்தார்கள். இன்று ரயில் மீண்டும் ராமேசுவரம் வரை வருகிறது. அதோடு மதுரையிலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் உணவகங்கள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. மண்டபத்திலிருந்து கோயில் தெருக்கள் வரை, முன்திண்ணையை இடித்துக் கண்ணாடிக் கதவு வைத்த வீடுகளை வரிசையாகக் காண்கிறோம். வடநாட்டு யாத்ரீகருக்கான சைவ உணவகம், மந்தி பிரியாணிக் கடை, வாசலில் நண்டுப் படம் தீட்டிய கடலுணவுக் கடை, மாடியில் அறைகளும் கீழே குளிரூட்டிய கூடமும் கொண்ட விடுதி என ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்றுக்கு வாழைமரம் கட்டுகிறார்கள். மாவட்டத் தலைநகரிலும் கீழக்கரையிலும் இதே நிலைதான் என்றாலும், தீவில் குடியிருப்பவர் என்ற முறையில் தீவைப் பற்றியே எழுதுகிறேன்.

இந்தக் கடைகள் வருவதை நான் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மீனுக்குப் பெயர்போன இந்த ஊரில் வெளியூர்க்காரர் ஒருவர் நல்ல மீன் குழம்பு சாப்பிட வேண்டுமானால், யாராவது வீட்டுக்கு அழைத்தால்தான் உண்டு என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. கடலுக்குப் போக விரும்பாத பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே ஒரு வேலை கிடைப்பதும் சிறிய விஷயம் அல்ல. நான் கேட்பது வேறு. ஒரு உணவகத்துக்கு உரிமம் வழங்கும்போது அதன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பயன்படுத்திய தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, நேரில் பார்த்து, அதன்பிறகே கையொப்பமிடுங்கள் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை.

இதை ஏன் மற்ற ஊர்களைவிட அழுத்தமாக இங்கே கேட்க வேண்டியிருக்கிறது என்பதற்குக் காரணம் எங்கள் மண். நான்கு புறமும் கடல் சூழ்ந்த இந்த மணல் திட்டில், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் அளவே பெய்யும் மழை, பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெய்து, மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பது போல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இதன் மறுபக்கம்தான் அச்சம் தருவது: மேலே ஒரு அடி குறையும்படி தொடர்ந்து இறைத்தால், கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி வரை ஏறி வரக்கூடும். அப்படி ஒருமுறை உப்பாகிப் போன கிணறு அடுத்த மழையிலேயே மீண்டுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்துக் குடிக்கும் மீனவக் குடும்பங்களுக்கு இந்தப் படலத்தின் அருமை தெரியும். ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை கிணறுகளே. யாத்ரீகர்கள் தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் அந்த நீரும் இதே மணலுக்கு அடியில் ஊறுவதுதான். கோயில் கிணற்றுக்கு ஒரு நிலத்தடி, உணவக ஆழ்துளைக் கிணற்றுக்கு வேறொரு நிலத்தடி என்று இந்தத் தீவில் கிடையாது.

இந்த நிலையில் இன்று நடைமுறை எப்படி இருக்கிறது? உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு நீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்கப்படுகிறது; அந்த நீர் குடிக்கத் தக்கதா என்பதே அங்கே கேள்வி. நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் எடுக்கப்போகிறார்கள் என்பதை அந்த அறிக்கை சொல்லாது. சமையலறைக்கு வடிகால் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த வடிகால் பின்சுவரைத் தாண்டி எங்கே முடிகிறது என்பதை யாரும் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதில்லை. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் அது முடியும் இடம் பெரும்பாலும் ஓர் உறிஞ்சு குழி. வீட்டுச் சமையலறைக்குப் போதுமான அந்தக் குழிக்குள், நாள் முழுவதும் கழுவப்படும் தட்டுகளின் சோப்பு நீரும் மீன் கழுவிய நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் இறங்குகின்றன. மணல் அதையெல்லாம் முழுமையாகத் தடுத்து நிறுத்துவதில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் உணவகம் ஒன்று திறந்த சில மாதங்களில், அதன் மதிலை ஒட்டிய இரண்டு வீட்டுக் கிணறுகளில் நீரின் மேல் ஆடை படிந்தது. இன்று அந்த வீட்டார் குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிறார்கள். கடைக்காரரைக் கேட்டால், எல்லா உரிமமும் இருக்கிறது என்று சட்டமிட்டு மாட்டிய தாள்களைக் காட்டுகிறார். அவர் சொல்வது உண்மை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

லாரித் தண்ணீர் வாங்குகிறோம், கிணற்றை நம்பியில்லை என்று சில உரிமையாளர்கள் சொல்வார்கள். அந்த லாரி எந்தக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு என்று சொன்னால், அது வீட்டுப் பயன்பாட்டுக்கான இணைப்பா, வணிக இணைப்பா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்களின் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்களின்) அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பதற்குப் பயன்படுத்துவோர் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கெனவே விதித்திருக்கிறது. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிப்போருக்குக் கொடுக்கும் ஏற்பாடும் நாடு முழுவதற்கும் உண்டு. மீனும் இறாலும் கணவாயும் பொரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கடற்கரையில் இந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதைவிட எளிய ஆய்வு இருக்க முடியாது. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி ஒன்றைக் கட்டுவதற்கு, வாசலில் மின்னும் பெயர்ப் பலகைக்கு ஆகும் செலவைவிட அதிகம் ஆகாது என்றே நினைக்கிறேன். நெகிழிப் பைகளுக்கும் தாள்களுக்கும் 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடை இருப்பதால் அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கிற தடையை நடத்திக் காட்டினால் போதும்.

கடலோரத்துக்கு வருகிறேன். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள், 2011இல் வந்ததும் சரி, 2019இல் வந்ததும் சரி, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவதைத் தடை செய்கின்றன. நிலத்தடி நீர் எடுப்பதையும் கட்டுப்படுத்துகின்றன. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை, கடற்கரையில் தற்காலிகக் குடில்களுக்கு இடம் தருகிறது. தற்காலிகம் என்ற அந்தச் சலுகையின் கீழ் கான்கிரீட் தளமும் ஆழ்துளைக் கிணறும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். பொரிந்த குஞ்சு வெளிச்சம் இருக்கும் திசையில்தான் நகரும். கடல் பார்த்த உணவகத்தின் இரவு விளக்குகள் அதைச் சாலைப் பக்கம் திருப்பிவிடும். தனுஷ்கோடிப் பகுதி 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எனவே, அந்தப் பக்கம் இரவு நேரக் கடைக்கு அனுமதி கேட்டு வரும் மனுக்களில் வனத்துறையின் கருத்தையும் பெறுங்கள்.

ஆனால் ஒன்று. இப்படி ஒரு கோரிக்கை எழுந்தவுடன் நடவடிக்கை எங்கே தொடங்கும் என்பதை நாங்கள் அறிவோம். தனுஷ்கோடியில் ஓலைக்குடிசையில் அடுப்பு வைத்து, கணவன் பிடித்து வந்த மீனைப் பொரித்துக் கொடுக்கும் பெண்ணிடம்தான் முதலில் அபராதச் சீட்டு நீட்டப்படும். அவர் நாளொன்றுக்குச் செலவழிக்கும் தண்ணீர் சில குடங்கள். ஆய்வு பெரிய சமையலறைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை இதே மடலில் எழுத்தில் பதிவு செய்கிறேன்.

மதுக்கூடங்களைப் பற்றி ஊருக்குள் பேச்சு அதிகம், தெளிவு குறைவு. சில்லறை மது விற்பனைக் கடைகளும் அவற்றோடு சேர்ந்த பார்களும் வழிபாட்டுத் தலங்கள், கல்வி நிலையங்களிலிருந்து நகராட்சிப் பகுதியில் 50 மீட்டரும் பிற பகுதிகளில் 100 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விடுதிகளுக்குள் நடக்கும் மதுக்கூடங்களுக்கு வேறு வகை உரிமம். கோயிலும் தர்காவும் தேவாலயமும் அடுத்தடுத்து இருக்கும் இந்தக் கரையில், மீட்டர் கணக்கில் அளந்து பார்த்தாலே பல இடங்கள் தாமாக விலகிவிடும். எனக்குக் கவலை தருவது அளவுக்குள் வரும் கூடங்களைவிட, உணவகம் என்ற பெயரில் உரிமம் பெற்று, பின்னறையில் மேசை போட்டு, மது அருந்த இடம் கொடுக்கும் கடைகள். இரவு நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் எந்தத் தெரு வழியாக நடக்கலாம் என்பதை அந்தப் பின்னறைகளே இன்று முடிவு செய்கின்றன. ஒவ்வொரு கடை வாசலிலும் அதற்கு எந்த உரிமம் உண்டு, எத்தனை மணி வரை என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மற்றதைத் தெருவே கவனித்துக்கொள்ளும். காலிப் பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு மணலில் நிற்பதால், அது மலையைவிட எங்கள் கரைக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மீனைப் பற்றியும் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மற்ற காலத்திலும் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது ஏற்பாடு. புதிய உணவகங்களின் பட்டியலிலோ வஞ்சிரமும் பெரிய இறாலும் ஆண்டு முழுவதும், வாரம் ஏழு நாளும் இருக்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதை வெளியூரிலிருந்து வரும் பனிக்கட்டிப் பெட்டிகள் சொல்லும். நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் காரல், சூடை, முரல், சிறு கணவாய் ஆகியவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே அவர் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எந்த மீனைச் சமைக்க வேண்டும் என்று சட்டம் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மீன்வளத் துறை முன்வந்து, உணவகக்காரர்களையும் நாட்டுப்படகு மீனவர்களையும் ஒருமுறை ஏலக்கூடத்தில் உட்காரவைத்துப் பேசச் செய்யலாம். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்துவிட்டது. அதை அரைத்து வைத்த சூடைக் குழம்பை ஒரு கடையாவது பட்டியலில் எழுதட்டும். இது கொஞ்சம் என் நாக்கின் ஆசையும்தான்.

ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பிறகு, பாம்பன், தங்கச்சிமடம் மக்கள் ஒரு புதிய கடையைப் பற்றி முறையிட வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாமல் போனார். ஆகவே உணவக விண்ணப்பங்களைக் கிராம சபையிலும், நகராட்சிப் பகுதியானால் அந்தத் தெருவின் அறிவிப்புப் பலகையிலும், உரிமம் வழங்குவதற்கு 15 நாள் முன்னதாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறிவிப்பில் கடையின் பெயரோடு, நாளொன்றுக்குத் தேவைப்படும் தண்ணீரின் அளவு, அதன் மூலம், கழிவுநீர்த் தொட்டியின் அளவு, அருகிலுள்ள கிணற்றிலிருந்து அதன் தூரம் ஆகியவையும் இருக்க வேண்டும். ஏற்கெனவே இயங்கும் கடைகளின் தொட்டிகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒருமுறை திறந்து பாருங்கள். மழை தொடங்கிவிட்டால் குழியில் நிற்பது எந்த நீர் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆய்வுக்கு வரும் அலுவலர்களுடன் தெருத் தெருவாக நடந்து கிணறுகளைக் காட்ட, எங்கள் பகுதியில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு குடியிருப்பாளர்