140 நாள் சட்டமன்றம்: ஆஸ்டினிலிருந்து ஒரு கடிதம்

ஆஸ்டின், டெக்சாஸ்
11-1-2026

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் டல்லாஸுக்குக் குடிவருகிறாள் என்ற செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டல்லாஸிலிருந்து எங்கள் வீட்டுக்குக் காரில் மூன்று, மூன்றரை மணி நேரம்தான். இந்த ஊர்க் கணக்கில் அது பக்கத்து வீடு.

ஜூலையில் வந்து பேரனைக் கொஞ்சிவிட்டு, அப்படியே ஆஸ்டினில் சட்டமன்றம் நடப்பதையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கோட்டையில் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நீ, ஆசைப்படத்தான் செய்வாய். ஆனால் நீ வரும் ஜூலையில் அவையில் ஈ காக்கை இருக்காது. கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். செந்நிறக் கருங்கல்லில் 1888இல் கட்டிய மாளிகை, பார்க்க வேண்டியதுதான். கூட்டம் மட்டும் கிடையாது. ஜூலையில் என்றில்லை, இந்த வருடம் முழுக்கவே கிடையாது. காரணம், இது இரட்டைப்படை வருடம்!

நான் விளையாடவில்லை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை வருடங்களில்தான். ஜனவரி இரண்டாம் செவ்வாய்க்கிழமை நண்பகலில் ஆரம்பித்து, அதிகபட்சம் 140 நாள். ஒரு நாள்கூட நீட்ட முடியாது. மே கடைசியில், தப்பினால் ஜூன் முதல் வாரத்தில், தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டு மூட்டை கட்டிவிடுவார்கள். போன வருடம் ஜூன் 2இல் முடித்தார்கள். அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12இல். நடுவில் பத்தொன்பது மாதம். மூன்று கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலம் இது. கீழவையில் 150 பேர், மேலவையான செனட்டில் 31 பேர். இரண்டு வருடத்துக்கான பட்ஜெட்டை அந்த 140 நாளுக்குள் முடித்தாக வேண்டும். 2023இல் தாக்கலான மசோதாக்கள் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். தேறியவை ஆயிரத்து இருநூறு சொச்சம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள் கூடுவதற்குப் பதில், 140 வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் கூடினால் தேவலை என்று இங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு.

ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிற நம் அரசியல் சட்டத்தின் 174ஆம் பிரிவை வைத்து நீ எத்தனை செய்தி எழுதியிருப்பாய். இங்கே எண்ணமே தலைகீழ். கூடாவிட்டால் ஆபத்து என்று நாம் நினைத்தோம், கூடினால்தான் ஆபத்து என்று இவர்கள் நினைத்தார்கள். சட்டமன்றம் நடக்கிறவரை ஒருவருடைய உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பில்லை என்று நியூயார்க் நீதிபதி கிடியன் டக்கர் 1866இலேயே தீர்ப்பில் எழுதிவைத்தார். டெக்சாஸில் அந்த அவநம்பிக்கைக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1870 முதல் 1874 வரை எட்மண்ட் டேவிஸ் என்ற குடியரசுக் கட்சிக்காரர் கவர்னராக இருந்தார். மாநிலப் போலீஸ் அவர் கையில், நியமனங்கள் அவர் கையில். பழைய வெள்ளை நில உடைமையாளர்களுக்கு அது ஆறாத புண். ஜனநாயகக் கட்சி திரும்பி வந்ததும் 1876இல் புது அரசியல் சட்டம் கொண்டுவந்து, கவர்னர், சட்டமன்றம், வரி என்று கண்ணில் பட்ட எல்லா அதிகாரத்துக்கும் கடிவாளம் போட்டார்கள். அதே சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, திருத்தத்துக்கு மேல் திருத்தமாக. 140 நாள் வரம்பு 1960இல் வந்த திருத்தம். 1975இல் புதிய அரசியல் சட்டம் ஒன்றை எட்டு முன்மொழிவுகளாகப் பிரித்து வாக்காளர்கள்முன் வைத்தார்கள். ஆண்டுதோறும் கூடும் ஏற்பாடும் அதில் இருந்தது. எட்டையும் மக்கள் தோற்கடித்தார்கள்.

மற்ற மாநிலங்கள் இப்படி இல்லை. இந்த வாரமே ஜார்ஜியா, வர்ஜீனியா, மேரிலாந்து, புளோரிடாவில் கூட்டத்தொடர் தொடங்குகிறது. ஜனவரியில் தொடங்குவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம்: நவம்பரில் தேர்தல் முடிந்திருக்கும், அந்தக் காலத்தில் குளிர்காலத்தில் விவசாயிக்கும் வேலை இருக்காது. 1960களின் தொடக்கத்தில்கூட 19 மாநிலங்கள்தான் வருடந்தோறும் கூடின. இன்று டெக்சாஸ், மொன்டானா, நெவாடா, வடக்கு டகோட்டா என்று நான்குதான் பழைய வழக்கத்தில் நிற்கின்றன. மற்ற மூன்றும் சின்ன ஜனத்தொகை. அவர்களோடு டெக்சாஸையும் சேர்த்துப் பார்ப்பதே விசித்திரம். எதிர்த்திசையில் கலிபோர்னியா 1966இல் வாக்கெடுப்பு நடத்தி முழுநேரச் சட்டமன்றத்துக்கு மாறிவிட்டது. நியூ மெக்சிகோவில் ஒற்றைப்படை வருடம் 60 நாள், இரட்டைப்படை வருடம் 30 நாள். உறுப்பினருக்குச் சம்பளமே கிடையாது, தினப்படி மட்டும். நியூ ஹாம்ப்ஷயர் இன்னும் வேடிக்கை: பதினான்கு லட்சம் பேருக்குக் கீழவையில் மட்டும் 400 உறுப்பினர்கள், ஆளுக்கு வருடம் நூறு டாலர். 1889இல் வைத்த தொகை, இன்றுவரை ஒரு காசு ஏறவில்லை.

நாளுக்கு வரம்பு வைத்தால் கடிகாரமே ஒரு கட்சியாகிவிடுகிறது. ஜார்ஜியாவில் 40 அலுவல் நாள். 1964இல் தொகுதிச் சீரமைப்புச் சண்டை முற்றி, நள்ளிரவு நெருங்குகிறது; டென்மார்க் குரூவர் என்ற உறுப்பினர் பார்வையாளர் மாடத்துக் கைப்பிடியைத் தாண்டித் தொங்கி, சுவர்க் கடிகாரத்தை நிறுத்தப் போனார். கடிகாரம் கீழே விழுந்து நொறுங்கியது. அந்தப் புகைப்படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஆஸ்டினில் 2013 ஜூன் 25. சிறப்புக் கூட்டத்தொடரின் கடைசி நாள். கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவை நள்ளிரவுவரை தள்ளிவிட்டால் அது செத்துவிடும். வெண்டி டேவிஸ் என்ற செனட்டர் ரோஜா நிற ஓட்டக் காலணியோடு காலை பதினொன்றேகாலுக்கு எழுந்து பேசத் தொடங்கினார். செனட் விதிப்படி உட்காரக்கூடாது, சாயக்கூடாது, சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, பொருளை விட்டு விலகக்கூடாது. சக உறுப்பினர் ஒருவர் முதுகுக்குப் பட்டை கட்ட உதவியதற்கே ஓர் எச்சரிக்கை விழுந்தது. இரவு பத்து மணி வாக்கில் மூன்றாவது எச்சரிக்கையோடு பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் மாடத்தில் இருந்த கூட்டம் போட்ட கூச்சலில் வாக்கெடுப்பு நள்ளிரவைத் தாண்டிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு, மசோதா நிறைவேறவில்லை என்று செனட்டுக்குத் தலைமை வகிக்கும் துணைக் கவர்னரே ஒப்புக்கொண்டார். கதை அங்கே முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். கவர்னர் ரிக் பெர்ரி உடனே இன்னொரு சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். ஜூலையில் அதே மசோதா நிறைவேறியது.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 140 நாள் என்பது சட்டமன்றத்துக்குத்தான் கடிவாளம். கவர்னருக்கு அது திறந்த மைதானம். இங்கே கவர்னர் நம் ஊர் கவர்னர் மாதிரி இல்லை. மக்கள் ஓட்டுப்போட்டு வருகிறவர், நிர்வாகத் தலைவரே அவர்தான். சிறப்புக் கூட்டம் கூட்டும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான். ஒரு கூட்டம் 30 நாள், எதைப் பேசலாம் என்பதையும் அவரே குறிக்க வேண்டும், எத்தனை தடவை கூட்டலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. கவர்னர் கிரெக் அபட் 2021இல் மூன்று தடவை கூட்டினார், 2023இல் நான்கு தடவை. கூட்டாமல் இருப்பதும் அவர் இஷ்டம். கொரோனா வந்த 2020ஐ நினைத்துப் பார். சட்டமன்றம் 2019 மே மாதமே கலைந்திருந்தது. ஊரடங்கு, முகக்கவசம், கடை அடைப்பு, கடை திறப்பு என்று எல்லாம் கவர்னரின் ஆணையில் ஓடியது. 181 உறுப்பினர்களும் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள், நம்மைப்போல. 2021 ஜனவரியில்தான் அவை கூடியது.

வீட்டோ, அதாவது மசோதாவை நிராகரிக்கும் கவர்னரின் அதிகாரம், இன்னும் சாமர்த்தியமான சங்கதி. பெரும்பாலான மசோதாக்கள் கடைசி நாட்களில்தான் நிறைவேறும். அவை கலைந்தபின் கவர்னருக்கு 20 நாள் அவகாசம். அந்த நாட்களில் அவர் நிராகரித்தால் மீறி நிறைவேற்ற அவையில் ஆளே இல்லை. டெக்சாஸில் கவர்னரின் வீட்டோவைச் சட்டமன்றம் கடைசியாக மீறியது 1979இல். 2021இல் ஜனநாயகக் கட்சியினர் வெளிநடப்புச் செய்து ஒரு மசோதாவைத் தடுத்த கோபத்தில், அபட் சட்டமன்றத்துக்கே பட்ஜெட் நிதியை வெட்டிவிட்டார், ஊழியர் சம்பளம் உட்பட!

ஜனநாயகக் கட்சியினரிடம் மிச்சமிருந்த ஆயுதம் ஓடிப்போவதுதான். அவை நடக்கக் குறைந்தபட்சம் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேண்டும், அதாவது 150இல் 100 பேர். 51 பேர் மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் அவை நடக்காது. 2003இல் ஓக்லஹோமாவுக்கு ஓடினார்கள், 2021இல் வாஷிங்டனுக்கு, போன ஆகஸ்டில் தொகுதி வரைபடச் சண்டையில் இல்லினாய்ஸுக்கு. நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். முதல் சிறப்புக் கூட்டம் அப்படியே முடங்கியது. முடிந்த அன்றே கவர்னர் அடுத்ததைக் கூட்டினார். ஆகஸ்ட் 18இல் திரும்பி வந்தார்கள், வரைபடம் நிறைவேறியது. ஜூலையில் கெர் கவுண்டி வெள்ளத்தில் அத்தனை உயிர் போயிருந்தது; அதற்கான நடவடிக்கையும் அதே நிகழ்ச்சி நிரலில்தான் இருந்தது. வரைபடச் சண்டையில் அதுவும் மாட்டிக்கொண்டதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

‘குடிமக்கள் சட்டமன்றம்’ என்று இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. விவசாயியும் கடைக்காரரும் வந்து சட்டம் இயற்றிவிட்டு வேலைக்குத் திரும்புவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாதம் 600 டாலர் சம்பளம், கூடும் நாட்களில் தினப்படி. ஐந்து மாதம் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து தங்க எந்தக் கடைச் சிப்பந்தியால் முடியும்? வக்கீல், தொழிலதிபர், சொத்துள்ள ஓய்வாளர், இவர்கள்தான் வர முடியும். இன்னொரு பக்கம், எட்டாயிரம் மசோதாவைப் படிக்க நேரமில்லாதவருக்கு யார் படித்துச் சொல்கிறார்கள்? வருடம் முழுக்க இங்கேயே சம்பளத்துக்கு உட்கார்ந்து, கம்பெனிகளுக்காக உறுப்பினர்களிடம் ஆதரவு தேடும் லாபிக்காரர்கள். அவர்களுக்கு 140 நாள் வரம்பு கிடையாது.

இவ்வளவு குறை சொல்கிறேனே, ஆனாலும் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் குழுக் கூட்டத்தில் பெயர் பதிந்து பேசலாம். என் மருமகள் பள்ளி ஆசிரியை. போன மார்ச்சில், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் கொடுக்கும் மசோதாவை எதிர்த்துப் பேசப் போனாள். காலையில் பெயர் பதிந்தாள். சாப்பாட்டு டப்பாவும் திருத்த வேண்டிய விடைத்தாள்களும் கையோடு. நடுராத்திரியைத் தாண்டித்தான் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பேச விட்டது இரண்டே நிமிடம். மசோதா நிறைவேறியது வேறு விஷயம். ஒரு கிழ உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், கேள்வியும் கேட்டார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே ஜூலையில் வா, எங்களைப் பார். சட்டமன்றத்துக்கு 2027 மே இரண்டாம் வாரத்தில் இன்னொரு தடவை வா. கீழவை மசோதாக்களுக்குக் கெடு அந்த வாரத்தில்தான் முடியும். மாடத்துக்குப் போக டிக்கெட் கிடையாது. உறுப்பினர் பெயர்ப் பலகையில் பச்சை, சிவப்பு, வெள்ளை விளக்கு எரியும். உறுப்பினர்கள் சிலர் தங்கள் ஆட்களுக்குக் கையை உயர்த்திக் காட்டுவார்கள், ஒரு விரல் என்றால் ஆதரவு, இரண்டு விரல் என்றால் எதிர்ப்பு. பிடிக்காத மசோதா வரிசையில் பின்னால் இருந்தால், முன்னால் இருக்கும் ஒன்றுமில்லாத மசோதாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் இழுத்துப் பேசுவார்கள். அது எதற்கு என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், நீயே விளக்கிச் சொல்லிவிடுவாய்.

லட்சுமிக்குக் கண்புரை ஆபரேஷன் தேதி முடிவாகிவிட்டதா? முடிவானால் எழுது. எனக்கு இடது முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிதான் இன்னும் தகராறு. ஜூலையில் இங்கே வெயில் நூறு டிகிரியைத் தாண்டும், அதையும் மகளிடம் சொல்லி வை. வரும்போது மறக்காமல் நம் ஊர் சுக்கு மல்லிப் பொடி ஒரு பொட்டலம் கொண்டுவா. விதை, ஊறுகாய் எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

உன்
கணேசன்