கறுப்பாக இருந்தால் போதை அதிகமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்டவுட் பீர் துணுக்கில், கறுப்பாக இருப்பதால் போதை அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். அது தப்பு. கறுப்பு வருவது கருக வறுத்த பார்லியால். போதை வருவது எவ்வளவு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) போட்டார்கள், அதன் சர்க்கரை எவ்வளவு புளித்தது என்பதைப் பொறுத்தது. கரி மாதிரி இருக்கும் கின்னஸ் டிராட் என்ற ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், நம்மூர்க் கடையில் மஞ்சளாக நிற்கும் ஸ்ட்ராங் பீர் 8 வரை போகும்.

உண்மையிலேயே போதை கூடின ஸ்டவுட்டும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் இருக்கும் மச்சான் பொங்கலுக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொண்டு வந்தார். போர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறியது, 14 சதவீதம். (ஊறல் என்றாலே நம் மாவட்டத்தில் போலீஸ் ஞாபகம்தான் வரும், இது வேறு ஊறல்.) அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும், அதனால் ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு மறுபடி ஆகாது, பீர் காய்ச்சுபவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

பிரிட்ஜில் இருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, குளிரோடு குடித்தோம். வெறும் கசப்பு. ஏமாந்துவிட்டோமே என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம், அரைமணி நேரம் கழித்து எடுத்தால் அதே பீரா இது என்று இருந்தது: முதலில் வெனிலா, அப்புறம் கொப்பரைத் தேங்காய், அடியில் பாகு முறிந்து கருகிப்போன வெல்லம், விழுங்கின பிறகு நெஞ்சில் விஸ்கிச் சூடு. நுரை பேருக்குத்தான். எண்ணெய் மாதிரி டம்ளரில் ஒட்டி இறங்கியது. அடுப்படியில் இருந்த அம்மா, "ராகியை யாருடா தீய விட்டது?" என்று கேட்டார். முளைகட்டி, காயவைத்து, வறுப்பதுதானே ராகி மால்ட்டுக்கும் பீர் மால்ட்டுக்கும், அவர் மூக்கு சரியாகத்தான் சொன்னது.

குறையும் இருக்கிறது. கால் டம்ளருக்கு மேல் போனால் தித்திப்பு திகட்டிவிடுகிறது. நாலு பேர் பகிர்ந்தும் ஒரு பாட்டில் தீரவில்லை, மீதியை மூடி வைத்து மறுநாள் பார்த்தால் காற்றுப் போன கஷாயம்.

துணுக்கை மட்டும் திருத்திப் போடுங்கள்.

வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்