எது எங்கே இருந்ததோ அங்கேயே

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கம்ப்யூட்டரில் ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைச் சீராக்கும் வேலை உன் கைக்கு வந்திருக்கிறது என்றாய். "நீங்க எப்படிப்பா விண்டோ மாத்துவீங்க?" என்று கேட்டாய். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு கிரையப் பத்திரம் அடிக்க உட்கார்ந்தால் ஐந்து விண்டோ திறந்திருக்கும். மூலப் பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், நான் அடிக்கும் புதுப் பத்திரம். சர்வே நம்பருக்குப் பட்டா, நான்கெல்லைக்கு மூலப் பத்திரம் என்று போய்ப் போய் வர வேண்டும். கீபோர்டில் ஆல்ட் சாவியைப் பிடித்துக்கொண்டு டேப் சாவியை ஒரு தட்டுத் தட்டினால் கடைசியாக இருந்த இடம். இன்னொரு தட்டு, திரும்பி வந்துவிடலாம். இரண்டே விண்டோ என்றால் அதைப் போலச் சுகம் கிடையாது, கை தானாகப் போகும். அதை மட்டும் தொட்டுவிடாதே.

மூன்றாவது சேர்ந்தால்தான் தொல்லை. கடைசியாகத் தொட்டது முன்னால் வருவதால் வரிசை மாறிக்கொண்டே இருக்கிறது. இப்போது இரண்டாவதாக இருந்த பட்டா, சற்று நேரத்தில் நான்காவது. கடை பீரோவில் எந்தத் தட்டில் எந்தக் கட்டு என்று கரண்ட் போனாலும் எடுப்பேன். திரையில் அது முடியவில்லை.

போன மாதம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை ஒன்று வந்தது. இரண்டு பட்டா. குட்டிப் படங்களாகக் காட்டும்போது இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைத் தாள். மேலே பெயர் இருக்கிறது, ஆனால் முன்பாதியைக் காட்டிவிட்டு வாலை வெட்டிவிடுகிறது. அண்ணன், தம்பி என்று நான் போட்டிருந்ததே வாலில்தான். தமிழ் எழுத்து அகலம் வேறு, சீக்கிரமே வெட்டுப்படும். தம்பியின் சர்வே நம்பரை அண்ணனின் சொத்து விவரத்தில் அடித்துவிட்டேன். கையெழுத்துக்கு முன் பெரியவர் விரல் வைத்து வாசித்ததால் தப்பித்தோம். முத்திரைத்தாளில் அச்சடித்தாகிவிட்டது. வெயிலில் வந்த மனிதரை இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை, பாப்பா. நிலம் அவர்களுடையது.

படம் அழகாக இருந்தால் போதாது, பெயர் முழுசாகத் தெரிய வேண்டும். விண்டோஸ் 11 2021-இல் வந்தபோது திரையின் கீழ்ப்பட்டையில் ஒவ்வொரு விண்டோவையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி இல்லை. 2023-இல்தான் திரும்பி வந்தது என்று நீதானே சொன்னாய்? என்னைப் போல எத்தனை பேர் தவித்திருப்பார்கள்.

ஜெராக்ஸ் கம்பெனியின் 'பார்க்' ஆராய்ச்சிக்கூடத்தில் ஹெண்டர்சன், கார்ட் என்ற இருவர் 1986-லேயே 'ரூம்ஸ்' என்று செய்ததைச் சொன்னாயே, ஒரு வேலைக்கு வேண்டிய விண்டோக்களெல்லாம் ஒரே அறையில் என்று, அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நீ காட்டிக்கொடுத்தபடி விண்டோஸ் சாவி, கண்ட்ரோல், டி அமுக்கி இப்போது ஒரு பார்ட்டிக்கு ஒரு டெஸ்க்டாப், அதே கம்ப்யூட்டரில் தனி மேஜை மாதிரி, போட்டுக்கொள்கிறேன். 'டெஸ்க்டாப் 2' என்று விடாமல் பெயரும் வைத்துவிடுகிறேன். அங்கே ஆல்ட்-டேப் தட்டினால் அந்தப் பார்ட்டியின் காகிதங்கள் மட்டும்தான் வரும். பாதி பயம் போய்விட்டது. உள்ளே வரிசை மாறுவது மட்டும் அப்படியே. ஒரு விண்டோவுக்கு நான் கொடுத்த இடம், நானாக மாற்றும்வரை மாறக்கூடாது. முதலில் அதைச் செய்து கொடு.

திரை சறுக்கிக்கொண்டு மாறுவது கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு ஆவதில்லை. அதை நிறுத்தும் இடம் சட்டென்று கண்ணில் படட்டும்.

ஊருக்கு வரும்போது அரை நாள் கடையில் என் பக்கத்தில் உட்கார். ஒன்றும் கேட்காதே, கையை மட்டும் பார். முகூர்த்த நாளாகப் பார்த்து வா, அன்றைக்குத்தான் கூட்டம் இருக்கும்.

அன்புடன்,
அப்பா